பிஸ்டன் இறுகினால், ட்ரம் செத்த சத்தம் போட்டால்: மலையகப் பாடசாலை பாண்ட் அறைக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

மலையகத்தில் பாண்ட் வாத்தியங்கள் கெடுவதற்கென்றே ஒரு பருவம் இருக்கிறது. ஒக்டோபர், நவம்பர் மழையில் அலுமாரிக்குள் பூட்டிக் கிடப்பவை, உறைபனி விழும் ஜனவரியில் வெளியே வருகின்றன. இல்ல விளையாட்டுப் போட்டியும் பெப்ரவரி 4 அணிவகுப்பும் வாசலில் நிற்கும்போதுதான் பிஸ்டன் இறங்கவில்லை, குழாயில் ஊதிக் கட்டை அமுக்கும் மெலோடிக்காவில் ‘ஸோ’ வரவில்லை, பேஸ் ட்ரம் தொப் என்கிறது என்ற முறைப்பாடுகள் ஒன்றாக வந்து சேரும். கீழே உங்கள் வாத்தியத்தின் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், காசு கேட்கும் காரணம் கடைசியில்.

எதைத் தொடுவதற்கு முன்பும் இரண்டு விடயம். பிளையரை அறைக்கு வெளியே வையுங்கள். திருத்துநரிடம் போகும் ட்ரம்பெட்டுகளில் பல, முதற்பிழையால் அல்ல, அந்தப் பிழையை நீக்கப் போய்ப் பிளையர் செய்த பிழையால்தான் போகின்றன. அடுத்தது, தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையோ 16 பாகை அளவுதான். காலையில் போத்தலுக்குள் வெள்ளைக் கட்டியாக நிற்கிறதே, அதுவேதான் பிஸ்டனுக்குள்ளும் நிற்கிறது. கொழும்பில் யாரோ பூசினார், ஒன்றும் ஆகவில்லை என்று யாராவது சொன்னால், அங்கே அது உறையாது, அவ்வளவுதான்.

## ட்ரம்பெட்: பிஸ்டன் இறங்கவில்லை, அல்லது இறங்கினால் ஏறவில்லை

விரலால் அமுக்கும் பிஸ்டன் மூன்றும் மந்தமா, ஒன்று மட்டுமா என்று முதலில் பாருங்கள்.

### மூன்றும் மந்தம்

எண்ணெய் காய்ந்திருக்கிறது, இல்லையேல் பிழையான எண்ணெய் பிசினாகியிருக்கிறது. தையல் மெஷின் எண்ணெய் தடிப்பானது; குளிரில் இன்னும் தடிக்கும். மண்ணெண்ணெய் ஓடவிடும், ஆனால் பிள்ளைகள் வாய் வைத்து மூச்சு இழுக்கும் குழாய்க்குள் அதற்கு இடமில்லை. வால்வ் எண்ணெய் என்றே விற்கும் சிறு போத்தல் ஒன்று மூன்று ட்ரம்பெட்டுக்கு ஒரு தவணை தாராளமாகப் போதும்.

பழைய எண்ணெயின் மேல் புது எண்ணெய் ஊற்றிப் பயனில்லை. கழுவ வேண்டும்.

1. மேசையில் துவாய் விரித்து, ஒரு நேரத்தில் ஒரு பிஸ்டனை மட்டும் மேல்மூடி கழற்றி நேராக மேலே இழுங்கள். எந்தப் பக்கம் பார்த்து வந்தது என்பதைக் கவனியுங்கள். பிஸ்டனில் 1, 2, 3 என்று பொறித்திருக்கும். வாய்ப்பக்கம் இருப்பது 1.
2. மேலே உள்ள கம்பளி வட்டுகள் நனையாமல், பிஸ்டனின் உடலை மட்டும் இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி விட்டுக் கழுவுங்கள். துளைகளுக்குள்ளும் துணி போக வேண்டும்.
3. கீழ்மூடியையும் கழற்றி, நூல் உதிராத பழைய பருத்தித் துணியை மரக்குச்சியில் சுற்றி, பிஸ்டன் ஏறி இறங்கும் கூண்டின் உட்பக்கம் துடையுங்கள். இரும்புக் கம்பி என்றால் நுனி வரை துணி மூடியிருக்க வேண்டும்; ஒரு கீறல் விழுந்தால் அது நிரந்தரம்.
4. முழுவதும் காய்ந்தபின் பிஸ்டனில் 4, 5 துளி எண்ணெய் விட்டு இறக்கி, ‘டிக்’ என்று பூட்டும்வரை மெதுவாகத் திருப்பி, மேல்மூடியை விரலால் மட்டும் இறுக்குங்கள்.

### ஒன்று மட்டும் மந்தம்

கீழ்மூடியை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். உடனே ஓடினால் மூடிக்குள் அழுக்குத் தேங்கியிருக்கிறது, அல்லது யாரோ பலம் காட்டி இறுக்கியிருக்கிறார்கள்.

இன்னும் மந்தமென்றால் பிஸ்டனுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கைப் பக்கத்துப் பிஸ்டனின் ஸ்பிரிங்கோடு மாற்றிப் பாருங்கள். நோய் ஸ்பிரிங்கோடு சேர்ந்து இடம் மாறினால் புது ஸ்பிரிங் ஒன்று, விடயம் முடிந்தது. நோய் அதே கூண்டிலேயே நின்றால், அமுக்கும் பொத்தானின் தண்டு வளைந்திருக்கிறதா என்று கண் மட்டத்தில் பிடித்துப் பாருங்கள். விரலை ஓரமாக வைத்து அமுக்கும் பிள்ளைகளின் ட்ரம்பெட்டில் இது அடிக்கடி வரும்.

இரண்டாம் பிஸ்டன் மட்டும் மாட்டிக்கொள்கிறது என்றால் கூண்டிலேயே நெளிவு இருக்க வாய்ப்பு அதிகம். அதன் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டைக் குழாயை நிலத்தில் ஊன்றி ட்ரம்பெட்டைப் படுக்க வைப்பதால் முழுப் பாரமும் அந்தக் கூண்டில் இறங்குகிறது. அந்தக் குட்டைக் குழாய் வானத்தைப் பார்க்க வைப்பதுதான் சரியான கிடை. முதல் நாள் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தால் ஒரு திருத்தச் செலவு மிச்சம்.

### அசையவே இல்லை

கீழ்மூடியைக் கழற்றிக் கீழிருந்து நாலு துளி எண்ணெய் விட்டு ஓர் இரவு நிறுத்தி வையுங்கள். காலையில் கீழிருந்து கட்டைவிரலால் தள்ளுங்கள். வந்தால் மேலே சொன்னபடி கழுவுங்கள். வராவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர், வாகன டிங்கரிங் கடை மூன்றும் இங்கே ஒரே விளைவைத்தான் தரும். பிஸ்டனுக்கும் கூண்டுக்கும் நடுவே தலைமயிர் தடிப்பளவு இடைவெளிகூட இல்லை. அதைத் தட்டி எடுக்கும் கருவி காற்று வாத்தியம் திருத்துபவரிடம் மட்டுமே இருக்கும்.

## ட்ரம்பெட்: ஊதினால் காற்றே போகவில்லை

கழுவிய மறுநாள் வரும் முறைப்பாடு இது. பத்தில் ஒன்பது தடவை பிஸ்டன்கள் இடம் மாறியோ, பூட்டாமல் சுழன்றோ நிற்கும். இலக்கத்தைப் பார்த்து, ஒவ்வொன்றையும் ‘டிக்’ வரும்வரை திருப்புங்கள்.

இலக்கம் சரியாக இருந்தும் அடைப்பு என்றால் முன்பக்கத்துப் பெரிய ட்யூனிங் ஸ்லைடை (சுருதி சேர்க்க இழுக்கும் வளைகுழாயை) முழுதாக உருவிவிட்டு ஊதுங்கள். இப்போதும் காற்று வராவிட்டால் அடைப்பு வாய்ப்பக்கக் குழாயில். வந்தால் அதற்கு அப்பால். பென்சில் துண்டு, டொபி கடதாசி, கரப்பான் என்று எதுவும் இருக்கலாம். மணி போல் விரிந்த பெரிய வாயிலிருந்து இளஞ்சூட்டு நீரைச் செலுத்தி, வந்த வழியே வெளியே தள்ளுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் அடைப்பு வளைவில் போய் இறுகும்.

## ட்ரம்பெட்: ‘களகள’ என்று கொதிக்கும் சத்தம்

உள்ளே தண்ணீர். குளிரான குழாயில் சூடான மூச்சுப் பட்டு நீராவது இயல்பு. தலவாக்கலையில் விடியற்காலைப் பயிற்சியில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவைகூட வடிக்க வேண்டி வரும். வடித்த பிறகும் களகள நின்றால் தண்ணீர் மூன்றாம் ஸ்லைடுக்குள் இருக்கிறது. மூன்றாம் பிஸ்டனை அமுக்கிக்கொண்டே அந்த ஸ்லைடை உருவிக் கொட்டுங்கள்.

களகளவோடு மேல் ஸ்வரங்களும் நடுங்கினால் தண்ணீர் வடிக்கும் சாவியின் தக்கையைப் பாருங்கள். தக்கை தேய்ந்தோ விழுந்தோ போயிருந்தால் காற்று ஒழுகும். விரலால் அந்தத் துளையை அழுத்தி ஊதும்போது சத்தம் திருந்தினால் காரணம் அதுவே. அன்றைய நாளைச் சமாளிக்க ரப்பர் செருப்பின் ஓரத்தில் தக்கையின் அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, குறைந்தளவு பசை வைத்து ஒட்டுங்கள். சாவியின் ஸ்பிரிங் ஒடிந்திருந்தால் இறுக்கமான ரப்பர் பட்டி ஒன்று அணிவகுப்பு முடியும்வரை தாங்கும்.

## மௌத்பீஸ் கழலவில்லை

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: உதடு வைத்து ஊதும் துண்டான மௌத்பீசின் வாயில் உள்ளங்கையால் ‘பொக்’ என்று தட்டி விளையாடுவது. அடுத்தது கீழே விழுந்தது.

ஒருவர் ட்ரம்பெட்டைக் குழாய்களின் நடுவே பிடிக்க வேண்டும், பெரிய வாயைப் பிடிக்கக் கூடாது. மற்றவர் துணி சுற்றிய கையால் திருகி இழுக்கட்டும். அசையவில்லை என்றால் இணைப்பில் ஒரு துளி வால்வ் எண்ணெய் விட்டு இரவு முழுக்க விடுங்கள். மறுநாள் மௌத்பீசின் கிண்ணத்தில் குளிர்நீரில் நனைத்த துணியை வைத்து, வெளிக்குழாயின் மேல் மட்டும் கைபொறுக்கும் சூட்டு நீர் ஊற்றுங்கள். வெளிக்குழாய் ஒரு மயிரிழை விரியும். மரக்கரண்டியின் காம்பால் இணைப்பைச் சுற்றி மெல்லத் தட்டிவிட்டு மீண்டும் திருகுங்கள்.

இத்தனைக்கும் வராவிட்டால் திருத்துநரிடம் கொடுங்கள். மௌத்பீஸ் உருவும் கருவியால் இரண்டு நிமிட வேலை. பிளையர் போட்டால் வாய்ப்பக்கக் குழாய் முறுகி அதன் ஈய ஒட்டு விடும்; அப்போது அது இரண்டு நிமிட வேலையாக இருக்காது. ஒரே நகரத்தில் பல பாடசாலைகள் இருந்தால் அந்தக் கருவி ஒன்றைக் கூட்டாக வாங்கி வைப்பது வீண் செலவல்ல.

ட்யூனிங் ஸ்லைட் இறுகினாலும் முறை இதேதான். பிஸ்டன் ஸ்லைட் என்றால் அதற்குரிய பிஸ்டனை அமுக்கிக்கொண்டு இழுக்க மறக்காதீர்கள். இல்லையேல் உள்ளே வெற்றிடம் உங்களோடு இழுபறி நடத்தும். வளைவுக்குள் துவாயை நுழைத்து, சட்டென்று ஒரு தடவை இழுங்கள். வெளியே வந்ததும் பழைய பச்சைக் களிம்பைத் துடைத்து வாஸலின் மெல்லிய பூச்சு. ஸ்லைடுக்கு வாஸலின் சரி, பிஸ்டனுக்கு அது பகை.

## எல்லாரும் சரியாக வாசிக்கிறார்கள், ஆனால் சுருதி சேரவில்லை

### வித்தியாசம் ஒரு முழு ஸ்வரம்

இது பிழையே அல்ல. பாடசாலை ட்ரம்பெட் பெரும்பாலும் பி-ஃப்ளாட் வாத்தியம். மெலோடிக்காவும், நேராகப் பிடித்து ஊதும் குழலான ரெக்கோடரும் சி. பலகையில் ‘சி’ என்று எழுதி இரு குழுவையும் வாசிக்கச் சொன்னால் ட்ரம்பெட் ஒரு ஸ்வரம் கீழே நிற்கும். மெலோடிக்காவின் ‘சி’க்கு ட்ரம்பெட் ‘டி’ வாசிக்க வேண்டும். ட்ரம்பெட் குழுவுக்குத் தனிக் கொப்பி எழுதிக் கொடுங்கள். இந்த ஒரு காரணத்துக்காக நல்ல ட்ரம்பெட்டைப் பழுது என்று அலுமாரியில் தள்ளிவிடுவதுண்டு.

### வித்தியாசம் சிறிது, காலையில் மட்டும்

குளிர். காற்றில் ஒலியின் வேகம் ஒரு பாகைக்கு நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீற்றர் மாறுகிறது. பத்துப் பாகை குளிர்ந்தால் ட்ரம்பெட்டும் ரெக்கோடரும் அரை ஸ்வரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும். மெலோடிக்காவின் உலோக நாக்குகள் அந்தளவு இறங்குவதில்லை. எனவே 7 மணிக்குச் சேராதது 11 மணிக்குத் தானாகச் சேரும். உயரத்தில் இருப்பதால்தான் இப்படி என்று சொல்வார்கள், உயரமல்ல, குளிர்தான்.

வாசிக்கும் முன் பத்து நிமிடம் குழாயை வாயின் சூடான காற்றால் நிரப்புங்கள், சத்தம் வரத் தேவையில்லை. ரெக்கோடரின் தலைத் துண்டை ஸ்வெட்டருக்குள் வைத்திருக்கட்டும். பிறகு மெலோடிக்காவை அளவாக வைத்து ட்ரம்பெட்டின் ட்யூனிங் ஸ்லைடை உள்ளே தள்ளுங்கள். வெயில் ஏறியதும் 5 மி.மீ. முதல் 1 செ.மீ. வரை திரும்ப வெளியே இழுக்க வேண்டி வரும்.

### ரெக்கோடரில் ‘எஃப்’ மட்டும் பிழை

ஜெர்மன் முறை, பரோக் முறை என்று இரண்டு வகை ரெக்கோடர் இருக்கிறது. பின்பக்கத்தில் ‘ஜி’ அல்லது ‘பி’ என்ற ஆங்கில எழுத்துப் பொறித்திருக்கலாம். ஜெர்மனில் கட்டைவிரலோடு மேலிருந்து நான்கு துளை மூடினால் ‘எஃப்’. பரோக்கில் அதோடு ஆறாவதையும் ஏழாவதையும் சேர்த்து மூட வேண்டும். ஒரே வகுப்பில் இரண்டும் கலந்திருந்தால் ஒரே விரல்வைப்பு ஒருநாளும் சேராது. அடுத்த தடவை வாங்கும்போது ஒரே வகையாக வாங்குங்கள்.

## ரெக்கோடர்: சத்தம் அடைக்கிறது, கீச்சிடுகிறது

அடைப்பு என்றால் ஊதும் பிளவுக்குள் நீர்த்துளி. முன்பக்கத்துச் சதுர ஓட்டையை உள்ளங்கையால் முழுக்க மூடி, ஒரு தடவை பலமாக ஊதினால் வெளியேறும். ஓட்டையின் கூர் விளிம்பை விரலாலோ குச்சியாலோ தொட வேண்டாம். ரெக்கோடரின் குரல் அங்கேதான் பிறக்கிறது. திரும்பத் திரும்ப அடைத்தால், நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி கலந்து பிளவுக்குள் விட்டு, கழுவாமல் காயவிடுங்கள். துளி சேராமல் வழுக்கிப் போகும். மர ரெக்கோடருக்கு இது வேண்டாம்.

கீச்சு வாத்தியத்தில் இல்லை, விரலில் இருக்கிறது. துளையின் அச்சு விரல்நுனியில் முழு வட்டமாகப் பதிகிறதா பாருங்கள். ரெக்கோடரின் துண்டுகள் சேரும் மூட்டுத் தளர்ந்திருந்தால் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப் ஒரு சுற்று போதும்.

## மெலோடிக்கா: ஒரு ஸ்வரம் வரவில்லை

உள்ளே ஒலி தரும் உலோக நாக்கில் ஈரம். கடைசிப் பக்கத்தில் நீர் வடிக்கும் பொத்தான் இருக்கும். எந்தக் கட்டையையும் அமுக்காமல் அதை மட்டும் பிடித்துக்கொண்டு நீளமாக ஊதுங்கள். பிறகு கட்டைப்பக்கம் கீழே பார்க்கத் துவாயில் தட்டி, பத்து நிமிடம் கழித்து மீண்டும் முயலுங்கள்.

வரவில்லை என்றால் பின்பக்கத் திருகாணிகளைச் சிறிய நட்சத்திர ஸ்க்ரூ டிரைவரால் கழற்றுங்கள். திருகாணிகளை ஒரு மூடியில் போட்டு வையுங்கள். பாண்ட் அறைத் தரையில் விழுந்த மெலோடிக்கா திருகாணி திரும்பக் கிடைத்ததாகச் சரித்திரமில்லை. உள்ளே வரிசையாக உலோக நாக்குகள். வராத ஸ்வரத்தின் நாக்கு தன் பிளவின் நடுவில் நிற்கிறதா, நூலோ உணவுத் துகளோ சிக்கியிருக்கிறதா பாருங்கள். மெல்லிய கடதாசித் துண்டை நாக்கின் கீழே நுழைத்து மெல்ல உருவினால் போதும். ஊசி, பிளேட் வேண்டாம். நாக்கைச் சுரண்டினால் சுருதி மாறும், மாறியதைத் திருப்ப முடியாது.

### அமுக்காமலே ஒரு ஸ்வரம் ஒலிக்கிறது

கட்டை முழுதாக மேலே வரவில்லை. பக்கத்துக் கட்டையோடு உரசுகிறதா, அடியில் ரப்பர் வட்டு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். இனிப்புச் சாப்பிட்டுவிட்டு வாசித்த மெலோடிக்கா என்றால் சிறிது ஈரமான துணியால் கட்டையின் ஓரங்களைத் துடைத்தாலே சரியாகும்.

### சுவாசிக்க முடியாத மணம்

குழாய். சவர்க்கார நீரில் ஊறவைத்து, கழுவி, இரு முனையும் திறந்தபடி தொங்கவிட்டு முழுதாகக் காயவிட வேண்டும். நானுஓயா மழைக்காலத்தில் அதற்கு இரண்டு நாள்கூடப் பிடிக்கும். ஒரு பிள்ளைக்கு ஒரு குழாய், பெயர் எழுதி. மெலோடிக்காவைப் பகிரலாம், குழாயைப் பகிரக் கூடாது.

நாக்கு உடைந்துவிட்டால் திருத்துவதைவிடப் புதிது மலிவு. உடைந்ததை வீசாதீர்கள், அதன் கட்டைகளும் திருகாணிகளும் அடுத்ததற்கு உதவும்.

## ட்ரம்: சத்தம் செத்துவிட்டது

முதலில் ட்ரம்மின் தலையில், அதாவது அடிக்கும் பரப்பில், இருப்பது பிளாஸ்டிக்கா தோலா என்று தீர்மானியுங்கள். இந்த ஒன்றில்தான் மலையகத்தில் அடிக்கடி கைதவறுகிறது. திருவிழாவில் தப்பு என்ற பறையைத் தீயில் சூடு காட்டி முறுக்கேற்றுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, சைட் ட்ரம்மையும் அடுப்படிக்குக் கொண்டு போகும். தப்புக்குத் தோல், அதன் ஈரம் போனால் இறுகும். இன்றைய சைட் ட்ரம்மின் தலை பிளாஸ்டிக். நெருப்புப் பட்டால் சுருங்கி ஓட்டை விழும். பிளாஸ்டிக் தலையை ஈரமும் தளர்த்தாது. தளர்ந்தது என்றால் திருகாணி தளர்ந்திருக்கிறது.

### பிளாஸ்டிக் தலை

நடுவில் கட்டைவிரலால் அழுத்தி எடுங்கள். குழி அப்படியே நின்றாலோ, நடுவில் பூச்சு போய்ப் பளபளத்தாலோ தலையின் ஆயுள் முடிந்தது. குழி மீண்டால் இறுக்கினால் போதும்.

ஒவ்வொரு திருகாணிக்கும் 3 செ.மீ. உள்ளே குச்சியால் மெல்லத் தட்டிக் கேளுங்கள். எது கீழ்ச்சத்தமோ அதைக் கால் சுற்று இறுக்குங்கள். பிறகு அதற்கு நேர் எதிரே உள்ளதைக் கால் சுற்று. வரிசையாகச் சுற்றிக்கொண்டு போனால் வளையம் சாயும், ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளரும். எதிரெதிராகப் போய் எல்லா இடத்திலும் ஒரே சத்தம் வரும்வரை இரண்டு மூன்று தடவை. திருகாணி சுற்றாவிட்டால் துரு: ஒரு துளி எண்ணெய், ஒரு மணி நேரப் பொறுமை. சுற்றிக்கொண்டே இருந்து இறுகாவிட்டால் உள்மரை போய்விட்டது, திருகாணி பூட்டும் அந்தத் தாங்கியை மாற்ற வேண்டும்.

### தோல் தலை உள்ள பழைய பேஸ் ட்ரம்

பனியில் தொய்வது இயல்பு. தொய்ந்த நேரத்தில் முழுப் பலத்தோடு இறுக்கிவிட்டு, வெயில் ஏறும் மைதானத்தில் வைத்தால் தோல் இன்னும் இறுகிக் கிழியும். வட்டவளை மழையில் இறுக்கியதைப் பதுளையின் ஜூலை வெயிலுக்குக் கொண்டு போனாலும் இதே கதி. இளவெயிலில் கால் மணி நேரம் வைத்து, பிறகு தேவையான அளவு மட்டும் இறுக்குங்கள். வாசித்து முடிந்ததும் எல்லாத் திருகாணியையும் ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். எலிக்குத் தோல் பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

### சைட் ட்ரம்மில் ‘சர்’ இல்லை

அடியில் ‘சர்’ ஒலி தரும் கம்பிகளை ஏற்றி இறக்கும் பக்கத்து நெம்பி கீழே இறங்கியிருக்கிறதா? இதைப் பார்க்காமலே ட்ரம்மைத் திருத்தக் கொண்டு போனவர்கள் உண்டு. ஏற்றியும் வராவிட்டால் அதன் திருகை அரை அரைச் சுற்றாக இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் சத்தம் நெரிபடும். அடுத்து, கீழே உள்ள கம்பிகளில் எதுவும் வளைந்து தலையைத் தொடாமல் நிற்கிறதா பாருங்கள். அந்த ஒரு கம்பியை வெட்டி எடுத்துவிடலாம், முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டியதில்லை. கடைசியாக, கீழ்த்தலை தொய்ந்திருக்கலாம்.

### தலை கிழிந்தது

அணிவகுப்பு நாளைக்கு, ஓட்டை ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிது என்றால் துணி டேப் உள்ளும் வெளியும் ஒட்டி, அந்த இடத்தில் அடிக்காமல் சமாளிக்கலாம். புதிது வாங்கும்போது அளக்க வேண்டியது மர உடலின் குறுக்களவை, வளையத்தை அல்ல. சைட் ட்ரம் பெரும்பாலும் 14 அங்குலம். மேல்தலை தடிப்பு, கீழ்த்தலை மிக மெல்லியது. மாற்றிப் போட்டால் முதல் நாளே மேலே கிழியும். புதுத் தலை அடிக்கடி போனால் குற்றம் தலையில் இல்லை, நுனி பிளந்த குச்சியில். நுனியை உப்புத்தாளால் தேயுங்கள், பிளவு ஆழம் என்றால் குச்சியை மாற்றுங்கள்.

மர உடலின் பலகை அடுக்குகள் பிரிந்தால் மரவேலைப் பசை வைத்துக் கயிறால் இறுக்கி ஒரு நாள் விடலாம். உடல் முட்டை வடிவமாகிவிட்டால் பசையால் ஒன்றும் ஆகாது.

## சிம்பல்

‘பொப்’ என்று அடங்கிப் போனால் தட்டு இரண்டையும் நேருக்கு நேர் அடிக்கிறார்கள், நடுவில் காற்று அடைபடுகிறது. சற்றுச் சாய்த்து உரசி அடிக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் வெடிப்பு வந்தால் வெடிப்பின் முடிவில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டால் மேலும் ஓடாது. தோல் வாரின் முடிச்சை ஒவ்வொரு தடவையும் பாருங்கள். மைதானத்தின் நடுவில் சிம்பல் உருண்டோடுவது ஊருக்கு வேடிக்கை, பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் காலுக்கு அல்ல.

## பச்சை, பூஞ்சணம், சிவப்புப் புள்ளி

மேலே தூசு போன்ற வெள்ளைப் பூஞ்சணம் பெட்டியின் உட்துணியில் இருக்கிறது, வாத்தியத்தில் இல்லை. வாத்தியத்தை வெளியே எடுத்துவிட்டு, பெட்டியை மட்டும் வெயிலில் திறந்து வைத்து தூரிகையால் தட்டுங்கள். ஈரமான வாத்தியத்தைப் பெட்டிக்குள் போட்டு மூடுவதே இதன் விதை.

இணைப்புகளில் பச்சை என்றால் இளஞ்சூட்டு நீர்க் குளிப்பாட்டல், மாதம் ஒரு தடவை. சூடு கூடினால் மேற்பூச்சு உரியும். விளையாட்டுப் போட்டிக்கு முதல் நாள் பிராசோ மெருகுத் திரவம் போட்டுத் தேய்ப்பது பூச்சில்லாத வெறும் பித்தளைக்கு மட்டும் சரி. பூச்சுள்ள ட்ரம்பெட்டில் அது பூச்சைத் திட்டுத் திட்டாகத் தின்னும், பிறகு வியர்வை பட்டு அந்த இடமெல்லாம் கறுக்கும். புளியும் எலுமிச்சையும் குத்துவிளக்கோடு நிற்கட்டும்.

வாய்ப்பக்கக் குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளி, அதன் நடுவில் கறுப்பு. இது அழுக்கல்ல. எச்சிலால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து உலோகமே உள்ளிருந்து அரிபட்டு வருகிறது. தேய்த்தால் போகாது. ஒன்றிரண்டு புள்ளி என்றால் ஒவ்வொரு நாளும் உள்ளே துடைத்து ஓட்டலாம். குழாயில் துளை விழுந்தால் குழாயை மாற்ற வேண்டும்.

அலுமாரியைச் சீமெந்துச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, நிலத்திலிருந்து பலகையின் மேல் ஏற்றி வையுங்கள். தகரக் கூரையின் ஆணித்துளைக்கு நேர் கீழே வேண்டாம். ஒவ்வொரு பெட்டியிலும் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிப் பை. நிறம் மாறியதும் உலர்த்திப் பாவிக்கலாம். விடுமுறையிலும் வாரம் ஒரு தடவை யாராவது அலுமாரியைத் திறக்க வேண்டும். பூட்டிய திறப்பு அதிபரின் மேசையில் ஏப்ரல் முழுக்க உறங்கினால் சிலிக்காவால் ஒன்றும் செய்ய முடியாது.

## வாடகைக்கு எடுத்தது பழுதாக வந்திருக்கிறது

கடையில் நின்றே பத்து நிமிடம் செலவிடுங்கள். பிஸ்டன் மூன்றும் ஏறி இறங்குகிறதா, ஸ்லைட் நான்கும் அசைகிறதா, மௌத்பீஸ் கழலுகிறதா, தண்ணீர்ச் சாவி மூடுகிறதா, ட்ரம்மின் எல்லாத் திருகாணியும் இருக்கிறதா. ஒவ்வொரு நெளிவையும் தொலைபேசியில் படமெடுத்து, பற்றுச்சீட்டில் ‘முன்பே உள்ள நெளிவு’ என்று எழுதி வாங்குங்கள். முற்பணம் எவ்வளவு, எப்போது திரும்பும், பிஸ்டன் இறுகினால் யார் செலவு என்பதும் அதே சீட்டில் இருக்கட்டும். அணிவகுப்புக்கு முதல் நாள் எடுப்பதைவிட மூன்று நாள் முன்பு எடுப்பது நல்லது. குளிரில் ஒரு இரவு வைத்தால்தான் எந்தப் பிஸ்டன் மாட்டும் என்று தெரியும்.

வாடகை மௌத்பீசைப் பிள்ளையிடம் கொடுக்கும் முன் சவர்க்கார நீரில் கழுவித் துடையுங்கள். பஸ்ஸில் ட்ரம்பெட் பெட்டியை மேல்தட்டில் வைக்காதீர்கள். கடுகண்ணாவை வளைவுகளில் அது இறங்கி வரும். மடியில் வைத்துப் போங்கள். ட்ரம்மைப் பொலித்தீனால் மூடி, தலை எதன் மீதும் அழுந்தாமல் நிறுத்துங்கள்.

திருப்பிக் கொடுக்கும்போது நெளிவை மறைத்துக் கொடுக்க வேண்டாம். அடுத்த ஜனவரிக்கும் அதே கடைக்குத்தான் போக வேண்டும்.